குடுவையில் சாயவேர்: உச்சிப்புளி மணலில் படித்தது

எங்கள் ஆய்வகத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு வருகிறவர்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: "எந்த ஹார்மோன், எத்தனை மில்லி?" அந்த ஒரு எண்ணைச் சொல்லிவிட்டால் மறுமாசமே மொட்டைமாடியில் கிலோக்கணக்கில் வேர் அள்ளலாம் என்ற நினைப்பு. எண்ணைச் சொல்வதில் ஒரு ரகசியமும் இல்லை. கீழே சொல்லத்தான் போகிறேன். ஆனால் ராமநாதபுரம் மாவட்டக் கரையில், உச்சிப்புளிப் பக்கம் ஒரு வாடகை வீட்டை ஆய்வகமாக மாற்றி, நாலைந்து பேராக வேர் வளர்ப்பு செய்து பார்த்ததில் எனக்குப் பிடிபட்டது இது: வேரை வளர்க்கிற ஹார்மோன் வேறு, அந்த வேரில் மருந்துச் சரக்கை ஏற்றுகிற ஹார்மோன் வேறு. முன்னதற்கு ஒரு காலம், பின்னதற்கு ஒரு காலம். இரண்டையும் ஒரே நாளில் ஊற்றினால் வேரும் இல்லை, சரக்கும் இல்லை. சர்க்கரைக்கும் கரண்டுக்கும் காசு கட்டியதுதான் மிச்சம்.

நாங்கள் எடுத்துக்கொண்ட செடி சாயவேர். சித்த மருத்துவர்கள் இம்பூறல் என்பார்கள்; இருமலோடு இரத்தம் வருகிறவர்களுக்குக் கொடுக்கிற மூலிகை. கரையோர மணலில் தரையோடு தரையாகக் கிடக்கும், பொடிப்பொடியாக வெள்ளைப் பூ பூக்கும். தெரியாதவர்கள் மிதித்துக்கொண்டே போவார்கள். பாசி எடுக்கப் போகிற ஒரு ஆச்சி எங்கள் ஷேக்கரில் (குடுவைகளை ஓயாமல் சுற்றி ஆட்டுகிற மேடை) சுற்றுகிற குடுவைகளைப் பார்த்துவிட்டு, "ஏத்தா, காலுல மிதிபடுற பூண்டையா கரண்டு போட்டு வளக்குறீக?" என்று கேட்டது நியாயமான கேள்விதான்.

அந்தப் பூண்டின் வேர்ப்பட்டையில் மஞ்சள், சிவப்பு நிறம் தருகிற ஆந்த்ராகுயினோன் வகைப் பொருள்கள் இருக்கின்றன, அதில் முக்கியமானது அலிசரின். சோழமண்டலக் கரைத் துணிகளின் சிவப்பு இந்த வேர் கொடுத்ததுதான். இலங்கையில் டச்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் மன்னார், யாழ்ப்பாணப் பக்கம் இந்த வேரைத் தோண்டுகிற உரிமையே அரசாங்கத்தின் கையில் இருந்தது. 1868-இல் கிரேபே, லீபர்மான் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் அலிசரினைச் செயற்கையாகச் செய்து காட்டினார்கள். அதோடு வேர் வியாபாரம் படுத்துவிட்டது. இப்போது இயற்கைச் சாயம் தேடுகிறவர்களும் மூலிகைக் கம்பெனிக்காரர்களும் மறுபடி விசாரிக்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், வேரைத் தோண்டினால் செடியே போய்விடும். மணலில் ஒரு செடிக்குத் தேறுகிற வேரும் கொஞ்சம்தான். செடியை விட்டுவிட்டு வேரை மட்டும் குடுவையில் வளர்க்கலாம் என்று இறங்கியதற்கு அதுதான் காரணம்.

விதையிலிருந்து தொடங்குங்கள். காட்டுச் செடியின் தண்டையும் இலையையும் கொண்டுவந்து நேராகச் சுத்தம் செய்யப் பார்த்தால், இந்த மணலில் வளர்ந்த செடியின் கணுவுக்குள் இருக்கிற பூஞ்சை எதற்கும் அசையாது. விதை தூசி மாதிரி இருக்கும். மெல்லிய துணியில் முடிந்து, சோப்புத் தண்ணீர், 70 சதவீத எத்தனாலில் ஒரு முக்கு, பிறகு நீர்த்த சோடியம் ஹைப்போகுளோரைட் என்று முடிச்சோடு கழுவினால் வேலை சுலபம். பாதரசக் குளோரைடு போட்டால் இன்னும் சுத்தமாக வரும் என்பார்கள், வரும்தான்; ஆனால் அந்தக் கழிவுநீரை எங்கே கொட்டுவது? எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்கும் கிணறு இருக்கிறது. நாங்கள் அதைத் தொடவே இல்லை. ஊடகத்தில், அதாவது செடிக்கு வேண்டிய உப்பும் சர்க்கரையும் சேர்த்த வளர்ப்புக் கலவையில், முளைத்த சுத்தமான நாற்றின் இலையைத்தான் வெட்டி வைப்போம். விதையைச் சொந்த நிலத்திலோ, கேட்டு வாங்கிய நிலத்திலோ எடுங்கள். மன்னார் வளைகுடாத் தீவுகள் இருபத்தொன்றும் 1986 முதல் தேசியப் பூங்கா; அங்கே ஒரு புல்லைக்கூடப் பிடுங்கக் கூடாது. வியாபார நோக்கம் இருந்தால் 2002-ஆம் வருஷத்துப் பல்லுயிர்ச் சட்டப்படி மாநிலப் பல்லுயிர் வாரியத்துக்குத் தெரிவிப்பதையும் முன்கூட்டியே செய்துவிடுங்கள்.

இனி ஹார்மோன். வெட்டிய இலையில் வேர் வரவைப்பது ஆக்சின். கடையில் நாலு பேர் கிடைப்பார்கள்: ஐ.ஏ.ஏ., ஐ.பி.ஏ., என்.ஏ.ஏ., 2,4-டி. ஐ.ஏ.ஏ. என்பது செடி தானே செய்துகொள்கிற ஆக்சின். வெளிச்சத்திலும் சூட்டிலும் சீக்கிரம் சிதைந்துவிடும் என்பதால் ஒதுக்கி வைத்தோம். ஐ.பி.ஏ. நிதானமானது, தனித்தனியாக நல்ல வேர் கொடுக்கும். என்.ஏ.ஏ. வேகமானது, இலையின் வெட்டு ஓரம் முழுக்க வேர் குபுகுபுவென்று வரும், ஆனால் கொஞ்சம் கூடினாலும் வேர் குட்டையாகத் தடித்து, நடுவில் கட்டி கட்டியாகத் திசு திரளும். 2,4-டி போட்டால் கட்டி மட்டும்தான், வேரே இராது. அதைவிடப் பெரிய பிரச்சினை, நிறம் வராது. நம் நுணாவின் உறவான மொரிண்டா சிட்ரிஃபோலியாவின் செல்களில் 1970-களிலேயே இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள்: என்.ஏ.ஏ. இருந்தால் ஆந்த்ராகுயினோன் வரும், 2,4-டி இருந்தால் செல்கள் பெருகுமே தவிர மஞ்சளிக்காது. சாயவேரும் நுணாவும் ஒரே குடும்பம். எங்கள் குடுவைகளிலும் அதே கதைதான். களைக்கொல்லியாக வயலில் அடிப்பதும் இதே 2,4-டி என்பதை நினைத்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

எங்களுக்குக் கைகொடுத்த அளவு: பாதிச் செறிவுள்ள எம்.எஸ். ஊடகம், 3 சதவீதம் சர்க்கரை, லிட்டருக்கு 1 மி.கி. ஐ.பி.ஏ.; அதோடு 0.5 மி.கி. என்.ஏ.ஏ. சேர்த்தால் வேர் எண்ணிக்கை கூடும். பி.எச். 5.7. இருட்டு, 25 டிகிரி. எம்.எஸ். ஊடகம் 1962-இல் முராஷிகேயும் ஸ்கூகும் புகையிலைத் திசுவுக்காகச் செய்தது. உப்புச்சத்து அதிகம், வேருக்கு அவ்வளவு வேண்டியதில்லை, அதனால்தான் பாதி. இது எங்கள் விதைக்கும் எங்கள் தண்ணீருக்கும் சரிப்பட்ட அளவு. நீங்கள் 0.5, 1, 2 என்று மூன்று அளவிலாவது வைத்துப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அளவு கூடினால் பலன் கூடும் என்ற எண்ணத்தைத் தங்கச்சிமடத்தில் விட்டுவிட்டு வரலாம். மல்லிகை நாற்றுக்குப் பேர்போன ஊர். அங்கிருந்து போன குச்சிகள்தான் எத்தனையோ மாவட்டங்களில் தோட்டமாக நிற்கின்றன. நாற்றங்கால் வைத்திருக்கிற ஒரு அண்ணனிடம் குச்சி வேர்விடுவதற்குத் தொட்டு நடுகிற பவுடர் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது சொன்னார்: "தொட்டுத் தட்டிவிடணும் தங்கச்சி. அப்பிவிட்டா குச்சி கறுத்துரும்." அந்தப் பவுடரில் இருக்கிறதும் பெரும்பாலும் ஐ.பி.ஏ.தான். அவர் விரலால் தட்டி உதிர்க்கிற அளவை நாங்கள் தராசில் வைத்து நிறுக்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

நிறுக்கிறபோது ஒரு விஷயம். ஆக்சின் தண்ணீரில் நேராகக் கரையாது. 10 மி.கி. பொடியை ஒன்றிரண்டு சொட்டு ஒரு நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடில் கரைத்து, பிறகு தண்ணீர் விட்டு 10 மில்லி ஆக்கிக்கொண்டால், ஒரு மில்லியில் ஒரு மி.கி. இருக்கும், கணக்குப் போடவே வேண்டாம். இன்னொன்று, ஆய்வுக் கட்டுரை படிக்கிறபோது அலகைப் பாருங்கள். ஒருவர் லிட்டருக்கு மி.கி. என்று எழுதுவார், இன்னொருவர் மைக்ரோமோலார் (எடையை விட்டு மூலக்கூறு எண்ணிக்கையை வைத்துச் சொல்கிற அளவு) என்று எழுதுவார். 1 மி.கி. ஐ.பி.ஏ. ஏறக்குறைய 4.9 மைக்ரோமோலார், என்.ஏ.ஏ. என்றால் 5.4. "5" என்று பார்த்துவிட்டு 5 மி.கி. போட்டால் வேர் வராது, கட்டிதான் வரும்.

இரண்டு மூன்று வாரத்தில் இலை ஓரத்தில் வேர் வந்துவிடும். அதை வெட்டி, அதே ஹார்மோன் உள்ள திரவ ஊடகத்தில் போட்டு ஷேக்கரில் நிமிஷத்துக்கு 80 சுற்று. லிட்டருக்கு 5 முதல் 10 கிராம் பச்சை வேர் போட்டால் நன்றாகப் பெருகும். குறைத்துப் போட்டால் வேர் மலைத்துப்போய் நிற்கும். இங்கே ஒரு பழக்கம் எங்களுக்குப் பெரிய லாபம் கொடுத்தது: ஒவ்வொரு முறை மாற்றும்போதும் குடுவைகளைச் சன்னல் வெளிச்சத்தில் வரிசையாக வைத்து, எது நல்ல ஆரஞ்சு கலந்த மஞ்சளாக இருக்கிறதோ அதிலிருந்து மட்டும் அடுத்த தலைமுறைக்கு வேர் எடுப்பது. ஒரே விதையில் வந்த வேரிலேயே வெளிறியதும் இருக்கும், கனிந்ததும் இருக்கும். இதற்கு ஹார்மோனும் வேண்டாம், கருவியும் வேண்டாம்.

இப்போது அடுத்த கட்டம், எனக்குப் பிடித்ததும் இதுதான். வளர்ந்த வேரில் சரக்கை ஏற்றுவதற்கு மீதைல் ஜாஸ்மோனேட். பெயரிலேயே மல்லிகை இருக்கிறது. 1962-இல் சாதிமல்லித் தைலத்திலிருந்துதான் இதை முதலில் பிரித்தெடுத்தார்கள். பாட்டிலைத் திறந்தால் மணக்கும். ஆனால் செடிக்கு இது வாசனைப் பொருள் இல்லை, ஆபத்துச் செய்தி. புழு இலையைக் கடித்தால் செடி தன் பசுங்கணிகச் சவ்விலுள்ள லினோலெனிக் அமிலத்திலிருந்து ஜாஸ்மோனிக் அமிலத்தைச் செய்துகொள்ளும். அது பரவியதும் வளர்ச்சியை நிறுத்திவிட்டு, கசப்பும் நஞ்சும் நிறமுமாகத் தற்காப்புப் பொருள்களைச் செய்யத் தொடங்கும். மனிதனுக்கு மருந்தாகவும் சாயமாகவும் படுகிறவை பலவும் செடிக்கு அந்தத் தற்காப்புச் சரக்குதான். குடுவைக்குள் புழு கிடையாது. புழு கடித்த செய்தியை மட்டும் நாம் கொடுக்கிறோம். யூ மரத்துச் செல்களில் புற்றுநோய் மருந்தான பாக்லிடாக்செலைக் கூட்டுவதற்கு ஜப்பானியர்கள் 1996-இல் வெளியிட்ட வேலையிலும் இதே மீதைல் ஜாஸ்மோனேட்தான், 100 மைக்ரோமோலார்.

வளர்ச்சியை நிறுத்திவிட்டு என்று சொன்னேன் இல்லையா, விஷயமே அங்கேதான். வேர் போட்ட அன்றைக்கே இதையும் ஊற்றினால் வேர் வளராது. நிறம் மட்டும் அடர்த்தியாக வரும், பார்க்கிறவர்கள் அசந்துபோவார்கள், கிராமுக்கு இத்தனை மி.கி. என்று ஏட்டில் எழுதினால் பிரமாதமாக இருக்கும். குடுவையை மொத்தமாகக் கணக்கிட்டால் நஷ்டம். ஒரு உதாரணக் கணக்கு வைத்துக்கொள்வோம். ஒன்றும் ஊற்றாத குடுவையில் 1 கிராம் உலர்ந்த வேர், கிராமுக்கு 8 மி.கி. சரக்கு, மொத்தம் 8 மி.கி. முதல் நாளே ஊற்றிய குடுவையில் வேர் 0.3 கிராம்தான், கிராமுக்கு 20 மி.கி.; மொத்தம் 6. நாலாவது வாரம் ஊற்றிய குடுவையில் வேர் 0.9 கிராம், கிராமுக்கு 18, மொத்தம் 16.2. கிராமுக்கு அதிகம் காட்டுகிற குடுவை கடைசி இடத்துக்குப் போய்விட்டது பாருங்கள். யாராவது "அஞ்சு மடங்கு கூடியது" என்று சொன்னால், எதில் கூடியது, கிராமிலா குடுவையிலா என்று கேளுங்கள்.

எங்கள் நடைமுறை: நாலாவது வாரம், வேர் பெருகுவது மட்டுப்படுகிற நேரத்தில் ஊற்றுவது. அப்போது ஊடகம் கடைசிப் பந்தி இலை மாதிரி, சர்க்கரை வழித்து எடுக்கப்பட்டிருக்கும். சரக்கு செய்யவும் வேருக்குச் சர்க்கரை வேண்டும். அதனால் ஜாஸ்மோனேட்டோடு கொஞ்சம் புதுச் சர்க்கரைக் கரைசலும் சேர்த்துக் கொடுப்போம். ஒரு வாரத்தில் அறுவடை. அதற்கு மேல் விட்டால் வேர் நுனி பழுப்பாகிச் சரக்கும் சிதையத் தொடங்கும்.

ஊற்றும் விதம் முக்கியம். 100 மில்லி ஊடகத்துக்கு 100 மைக்ரோமோலார் வேண்டுமென்றால் 2.2 மைக்ரோலிட்டர் எண்ணெய்தான் தேவை; அதை யாரும் நம்பிக்கையாக அளக்க முடியாது, அளந்தாலும் தண்ணீரில் கலக்காமல் மேலே மிதக்கும். 224 மி.கி., அதாவது ஏறக்குறைய 218 மைக்ரோலிட்டர் எடுத்து எத்தனாலில் 10 மில்லி ஆக்கிக்கொள்ளுங்கள். அதில் 0.1 மில்லியை 100 மில்லி ஊடகத்தில் விட்டால் சரியாக 100 மைக்ரோமோலார். நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்குகிற ஆட்டோகிளேவில் வைக்கக் கூடாது, ஆவியாகிப் போகும். எத்தனாலைத் தாங்குகிற நைலான் வடிகட்டி, 0.22 மைக்ரான், அதன் வழியாகக் கடைசியில் சேர்க்க வேண்டும். ஒப்பிடுவதற்காக ஜாஸ்மோனேட் ஊற்றாமல் வைக்கிற கன்ட்ரோல் குடுவைக்கும் அதே 0.1 மில்லி வெறும் எத்தனால் விட வேண்டும், இல்லையென்றால் பலன் ஹார்மோனுடையதா சாராயத்துடையதா என்று தெரியாது.

கன்ட்ரோல் பற்றி இன்னொன்று. மீதைல் ஜாஸ்மோனேட் காற்றில் பரவும். ஒரு செடியிலிருந்து கிளம்பிய ஆவியே பக்கத்துத் தக்காளிச் செடியில் தற்காப்புப் புரதங்களைத் தூண்டும் என்று 1990-இல் ஃபார்மரும் ரயானும் காட்டியிருக்கிறார்கள். ஒரே ஷேக்கரில் பஞ்சு அடைத்த குடுவைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எதுவுமே ஊற்றாத குடுவையும் மஞ்சளித்துவிடும். பிறகு "வித்தியாசமே இல்லை" என்று ஹார்மோனைக் குறை சொல்ல வேண்டியதுதான். எங்களுக்கு இருந்தது ஒரே ஷேக்கர். ஒரே அறையில் இது நடக்காது என்று தெரிந்து, கன்ட்ரோலுக்குப் பழைய ஷேக்கர் ஒன்றை வாங்கி அடுப்படியில் வைத்தோம். ஆவி போகாமல் அலுமினியத் தாளும் பாராஃபிலிம் என்ற மெழுகுத் தாளும் சுற்றுவது உதவும், தனி அறைக்கு ஈடாகாது.

அறுவடை நாளில் வேரை வடிகட்டிவிட்டு ஊடகத்தைக் கழுவுத்தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள். அது வெளிர் மஞ்சளாக இருந்தால் சரக்கில் ஒரு பங்கு அதில் கசிந்திருக்கிறது என்று அர்த்தம். சரக்கு இருக்கிறதா என்று பார்க்கப் பெரிய கருவி வேண்டாம். ஒரு வேர்த்துண்டை வெள்ளைப் பீங்கானில் நசுக்கி, ஒரு சொட்டு நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடு விடுங்கள். மஞ்சளாக இருந்தது கண்ணெதிரே சிவந்து ஊதாவாக மாறும், ஊடகத்திலும் அப்படியே. புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான். அளவு வேண்டுமென்றால் 50 டிகிரியில் உலர்த்திப் பொடித்து, மெத்தனாலில் ஊறவைத்து, 434 நானோமீட்டர் ஒளியில் அதன் நிற அடர்த்தியை அளவு தெரிந்த அலிசரின் கரைசலோடு ஒப்பிட்டால் மொத்த ஆந்த்ராகுயினோன் கணக்கு வரும். அலிசரின் தனியாக எவ்வளவு என்பதற்குப் பொருள்களைப் பிரித்து அளக்கிற எச்.பி.எல்.சி. கருவி வேண்டும், அதை வெளியே கொடுத்துத்தான் பார்க்க முடியும்.

சாலிசிலிக் அமிலமும் போட்டுப் பார்த்தோம். மலிவு, எளிதில் கிடைக்கும், வேருக்குச் சேதம் குறைவு. பலனும் எங்களுக்குக் குறைவாகவே இருந்தது. அமிலம் என்பதால் பி.எச். இறங்கும், திரும்பச் சரிசெய்ய வேண்டும். இதைவிட எனக்கு ஆர்வம் கைட்டோசானில். இது ஹார்மோன் இல்லை. இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுப்பது. பூஞ்சையின் செல்சுவரிலும் அதே வகைப் பொருள் இருப்பதால், பூஞ்சை வந்துவிட்டது என்று வேர் பதறும். மண்டபம் பக்கம் நண்டு கம்பெனிகளில் ஓடு மலையாகக் குவிகிற ஊரில், கடல் கடந்து வருகிற புட்டிக்கு ஏன் காத்திருக்க வேண்டும்? ஆனால் நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் கரைக்க வேண்டும், ஒவ்வொரு தடவை வாங்குகிற கைட்டோசானும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். ஒரே தொகுப்பில் மொத்தமாக வாங்கி வைத்தால்தான் முடிவுகள் ஒத்துப்போகும்.

கப்பாபைகஸ் பாசிச் சாற்றை ஹார்மோனுக்குப் பதிலாகப் போடலாமா என்றும் இங்கே எல்லாரும் கேட்பார்கள், கேட்காமல் இருந்தால்தான் அதிசயம். அதில் ஆக்சின், சைட்டோகைனின், ஜிபரெலின் என்று செடி ஹார்மோன்கள் எல்லாம் உண்டு. வயலில் தெளிக்க நல்லது, நாற்றைத் தொட்டிக்கு மாற்றும்போது நாங்களும் தெளிக்கிறோம். குடுவைக்குள் வேண்டாம் என்பது என் கட்சி. எதில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாத கலவையை வைத்து அளவு பேச முடியாது. மேலும் அதில் இருக்கிற உப்பு.

உப்பு என்றதும் இந்தக் கரையின் சங்கடங்களைச் சொல்லியாக வேண்டும், கட்டுரைகளில் இவை இருக்காது. முதலாவது தண்ணீர். இங்கே கிணற்றுத் தண்ணீரை நேராகக் காய்ச்சி வடித்தால் கருவியின் சூடேற்றியில் வெள்ளைப் பொருக்கு கட்டிவிடும். ஆர்.ஓ. செய்து, அதைக் காய்ச்சி வடித்துத்தான் ஊடகம். காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிற நாளில் பிடித்து வைத்தால் ஆர்.ஓ. சவ்வுக்கு ஆயுசு கூடும். இரண்டாவது காற்று. கச்சான் அடிக்கிற மாதங்களில் மணல் எங்கும் நுழையும். லேமினாரின் (சுத்தமான காற்று வீசுகிற வேலை மேசை) முன்வடிகட்டியை வாரம் ஒருமுறை கழற்றித் தட்டாவிட்டால் உள்ளிருக்கிற விலையுயர்ந்த வடிகட்டி அடைத்துப்போகும். வாடைக் காலத்தில் நேர்மாறு: மழை, ஈரம், ஏ.சி. குளிர். பஞ்சு அடைப்பான்கள் நமுத்து, அதன் வழியாகப் பூஞ்சை இறங்கும். ஒரு வாடையில் ஒரு வரிசைக் குடுவை முழுவதும் வெள்ளை படர்ந்து போனது. அதன்பிறகு அந்த மாதங்களில் பஞ்சுக்கு மேல் எண்ணெய்த்தாள் கட்டி, ஈரம் உறிஞ்சும் கருவி ஒன்றும் ஓட விடுகிறோம். தாய்க் குடுவைகளை இரண்டு இடத்தில் வைக்கிறோம். உப்புக்காற்றில் ஷேக்கரின் கவ்விகள் துருப்பிடிக்கும், அவற்றை எவர்சில்வரில் மாற்றிவிடுங்கள்.

மூன்றாவது கரண்டு. ஷேக்கர் ராத்திரி முழுக்க நின்றால் வேர் மூச்சு முட்டிப் பழுப்பாகும். ஊடகத்தின் அளவைக் குடுவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் வைத்தால் சில மணி நேரம் தாங்கும். இன்வெர்ட்டரில் முதலில் ஏ.சி.யைக் கோர்க்கிறவர்கள் உண்டு. வேருக்கு 30 டிகிரி ஒரு ராத்திரி பரவாயில்லை, காற்று இல்லாமல்தான் முடியாது. ஷேக்கரைக் கோருங்கள்.

செலவு பற்றிப் பேசினால் ஹார்மோன் ஒரு பொருட்டே இல்லை என்பது புரியும். 5 மில்லி மீதைல் ஜாஸ்மோனேட் புட்டியின் விலையைக் கேட்டு மயங்கியவர்கள் உண்டு. கணக்குப் போட்டால் அது இருநூறு லிட்டர் ஊடகத்துக்கு மேல் வரும். குளிர்பெட்டியில் வைத்தால் பல காலம் இருக்கும். காசு போகிற இடம் ஏ.சி., ஆட்டோகிளேவ், உட்கார்ந்து வெட்டுகிறவர்களின் கூலி. பச்சை வேர் பத்து கிராம் காய்ந்தால் ஒரு கிராம் தேறும், சிலசமயம் அதுவும் தேறாது. அதனால்தான் இந்தத் தொழிலில் காசு பார்த்தவர்கள் பெரிய கலன்களுக்குப் போனவர்கள். கொரியாவில் ஜின்செங் வேரைப் பத்தாயிரம் லிட்டர் கலனில் வளர்க்கிறார்கள். ஜப்பானில் 1980-களில் ஷிகோனின் என்ற சிவப்புச் சாயத்தை இரண்டு கட்டமாக, முதலில் வளர்ப்பு ஊடகம், பிறகு சரக்கு ஊடகம் என்று பிரித்து வளர்த்து உதட்டுச்சாயம் வரை கொண்டுபோனார்கள். அந்த இரண்டு கட்ட யோசனைதான் நாங்கள் இங்கே குடுவையில் செய்வதும்.

ஒரு சித்த மருத்துவர் எங்கள் வேரைக் கையில் வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, "இம்பூறலை நாங்க சமூலமா எடுப்போம்மா. வேரும் இலையும் தண்டும் சேர்ந்தாத்தான் அது மருந்து" என்றார். சரியான பேச்சு. குடுவை வேரில் இருப்பது வேரின் சரக்கு மட்டும், அதுவும் ஜாஸ்மோனேட் மிரட்டி வரவழைத்த விகிதத்தில். மண்ணில் வளர்ந்த வேரின் விகிதமும் இதுவும் ஒன்றாக இருக்கும் என்று நினைத்து மருந்தில் சேர்க்கக் கூடாது. சாயத்துக்கும், தனிப் பொருளாகப் பிரித்தெடுக்கவும் கொடுக்கலாம். கஷாயத்துக்கு வேர் கேட்டு வருகிறவர்களை நாங்கள் செடி வளர்ப்பவர்களிடம் அனுப்பிவிடுகிறோம்.

கைக்காசைப் போட்டுத் தொடங்குகிறவர்கள் என்னிடம் கேட்டால் வாங்கச் சொல்கிற வரிசை இது: நல்ல ஆர்.ஓ.வும் காய்ச்சி வடிக்கும் கருவியும், நாலு தசமம் காட்டுகிற தராசு, ஷேக்கருக்கு இன்வெர்ட்டர், இரண்டாவது ஷேக்கர். ஐ.பி.ஏ. ஒரு கிராம் போதும். ஜாஸ்மோனேட் புட்டியை, அது இல்லாமலே நாலு வாரம் வேர் சுத்தமாக வளர்ந்து நிற்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகு ஆர்டர் போடுங்கள். வந்து சேரவும் எப்படியும் மூன்று வாரமாகும்.